மீசைக்காரரின் இரண்டு இசைத்தட்டுகளோடு பீடோருக்கு

ஈப்போ புந்தோங்கில் ஒருநாள் காலை, வேலியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு சட்டைக்கு நான் இடுப்பை வளைத்து வணக்கம் வைத்தேன்.

காக்கிச் சட்டை. காற்றில் கொஞ்சம் விறைப்பாகவே நின்றது. ஜப்பான்காரர்கள் மலாயாவுக்குள் வந்து ஈப்போவைப் பிடித்து இரண்டாவது வருஷம் அது. காவல் நிற்கும் சிப்பாயைக் கண்டால் நின்று, தொப்பியை எடுத்து, குனிந்து எழவேண்டும் என்பது உத்தரவு. மறந்தவன் கன்னத்தில் அறை விழும். நான் மறப்பதில்லை. தேவைக்கு மேலேயே ஞாபகம் வைத்திருந்தேன்.

"சட்டைக்குள்ள நான் இல்லண்ணே" என்று குரல் வந்தது. சட்டையின் சொந்தக்காரனான எதிர்வீட்டு லாரி டிரைவர் மாணிக்கம் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்றான். "இருந்தாலும் பரவால்லலா. கும்பிட்டது கும்பிட்டதாவே இருக்கட்டும்."

இப்பேர்ப்பட்ட வீரன்தான் தடை போட்ட ஆங்கிலச் சங்கீதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஈப்போவிலிருந்து பீடோர் வரைக்கும் போய் வந்தேன். ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். எனக்கே சில நாள் நம்பிக்கை வருவதில்லை.

நான் தேவகோட்டைப் பக்கம். கடை வேலைக்கென்று கப்பலேறி வந்தவன், கடையைவிட அங்கே மூலையில் பாடிக்கொண்டிருந்த கிராமபோன் பிடித்துப்போய், கடைசியில் புந்தோங்கில் கடிகாரமும் கிராமபோனும் ரிப்பேர் செய்கிறவனாக நின்றுவிட்டேன். சண்டைக்கு முன்னால் என்னிடம் ரிப்பேருக்கு வந்த பெட்டிகளில் ஒன்று டிரசர் கனகசபையுடையது. யாழ்ப்பாணத்துக்காரர். பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுவதிலிருந்து பிரசவம் வரை எல்லாம் அவர்தான். சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிப்போகும் கிராமபோன். உள்ளே ஸ்பிரிங் உடைந்திருந்தது. புது ஸ்பிரிங் வருமுன்னே ஜப்பான்காரன் வந்துவிட்டான்.

மாணிக்கம் தெற்கே லோடு அடிக்கிறவன். அவன்தான் ஒருநாள் டிரசரின் சேதியைக் கொண்டுவந்தான்.

"டிரசர் வீட்டுல பெரிய சண்டைண்ணே. சத்தமே இல்ல, அதான் சண்டை. அந்தம்மா எட்டு மாசமா புருசன்கூட ஒரு வார்த்த பேசல."

"ஏன்?"

"அம்மாவோட இங்கிலீசுப் பாட்டு பிளேட்டு எல்லாத்தையும் இவரு உடைச்சிட்டாரு. உங்ககிட்ட இருக்கிற பெட்டில ரெண்டு பிளேட்டு மாட்டியிருக்காம். அத மட்டும் எப்படியாச்சும் கொண்டாந்து குடுக்கச் சொல்றாரு. இல்லாட்டி இந்தப் பொறப்புல அவரு வீட்டுல பேச்சு கிடையாதாம்."

திறந்து பார்த்தேன். மூடியின் உள்பக்கத்துத் துணிப்பையில் இரண்டு இசைத்தட்டுகள் இருக்கத்தான் இருந்தன.

இரண்டும் ஒரே ஆங்கிலேயரின் சங்கீதம். அவர் பெயரை எழுதமாட்டேன். அப்போது எழுதப் பயந்த கை, இப்போதும் அந்த இடத்துக்கு வந்தால் நின்றுவிடுகிறது. தட்டின் உறையில் படம் போட்டிருந்தது. பெரிய மீசை; பென்ஷன் வாங்கிய போலீஸ் இன்ஸ்பெக்டர் மாதிரி முகம். அதனால் மீசைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு தட்டில் சின்ன உருப்படி. வயலின் ஒன்று, பின்னால் பியானோ. யாரோ ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே வரலாமா என்று மரியாதையாகக் கேட்பது போலிருக்கும். இன்னொன்று பெரிய அணிவகுப்பு இசை. முதலில் தடதடவென்று ஓடும். நடுவில் வேகம் தணிந்து, அகலமாக, தேர் அசைந்து வருவது போல ஒரு மெட்டு வரும். அதற்கு யாரோ வார்த்தை போட்டு, ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் பிரிட்டிஷ் சாம்ராஜ்ய தினத்துக்கெல்லாம் பிள்ளைகளை நிற்கவைத்துப் பாடச்சொல்வார்கள். மலாயாவில் ஜப்பான்காரன் காதில் விழக்கூடாத மெட்டு என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

பெட்டியைப் படக்கென்று மூடிவிட்டு, தாழ்ப்பாளையும் போட்டேன். பிறகு கடைக்கதவுக்கும் போட்டேன்.

என் யோசனை எளிமையானது. கடையில் உடைந்த தமிழ்த் தட்டுகள் கிடந்தன. அவற்றின் நடுவிலுள்ள வட்டக் காகிதங்களை நனைத்து உரித்து, மரவள்ளிமாவுப் பசை காய்ச்சி, மீசைக்காரர் மேல் ஒட்டினேன். சின்ன வயலினுக்குத் 'தாலாட்டு'. அணிவகுப்புக்கு 'நாதஸ்வரம் - மல்லாரி'. கோயிலில் சாமி புறப்படும்போது வாசிப்பதாயிற்றே, அதுவும் ஒரு அணிவகுப்புத்தானே என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். பாதி வேலையில் வாசலில் பூட்ஸ் சத்தம். தட்டுகளைப் படுக்கைக்கடியில் தள்ளி, நானும் கூடவே போய்ப் படுத்துக்கொண்டேன். வந்தது பக்கத்துவீட்டுச் சீனக் கிழவியின் மரக்கட்டைச் செருப்பு. முட்டை வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். வெளியே வந்து மீதியை ஒட்டினேன். ஸ்பிரிங் கிடைத்து மாட்டியது கிளம்புகிற அன்றுதான், போட்டுப் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை, தைரியமும் இல்லை.

முதல் நாள், தெற்கே போகவேண்டிய லாரி மேற்கே லகாட்டுக்குப் போனது. பெட்ரோல் ஏது? பின்னால் அடுப்பு மாதிரி ஒரு பீப்பாய் கட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டி ஓடியது. கரி லகாட்டில் கிடைக்கும். ஏற்றிக்கொண்டு திரும்ப ஈப்போ வழியாகவே வந்தோம். மத்தியானம் புறப்பட்ட இடத்தைத் தாண்டும்போது என் வீட்டு வாசல் தூரத்தில் தெரிந்தது. இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் கால் கேட்டது.

"அண்ணே, மூஞ்சிய சாதாரணமா வச்சிக்கிங்க" என்றான் மாணிக்கம். "மரவள்ளி ஏத்திட்டுப் போறவன் மாதிரி இருங்க. குண்டு ஏத்திட்டுப் போறவன் மாதிரி இருக்கீங்க."

கோப்பெங் ஏற்றத்தில் லாரி மூச்சுவாங்கியது. இறங்கித் தள்ளினோம். கம்பாரில் சாப்பாட்டுக்கு நிறுத்தினான். சுட்ட மரவள்ளி, அவித்த மரவள்ளி, செம்பனை எண்ணெயில் பொரித்த மரவள்ளி. குடிக்க, மரவள்ளியை வறுத்துப் பொடித்த காப்பி. செட்டிநாட்டில் ஒரு கல்யாணப் பந்தியில் எத்தனை பதார்த்தம் வரும் என்று மாணிக்கத்துக்குச் சொல்லிக்கொண்டே தின்றேன். கருப்பட்டி போட்ட கும்மாயத்துக்கு வரும்போது அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"போதும்ணே. கேக்கக் கேக்க இந்த மரவள்ளி மக்கான் இன்னும் கசக்குது."

மறுநாள் மத்தியானம் தாப்பா தாண்டி, பீடோருக்கு முன்னால் பாலத்தடியில் லாரியை நிறுத்தினார்கள். பக்கத்தில் முன்பு பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம். வராந்தாவில் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்கள், கிராணிமார் என்பார்கள், மூன்று பேர் அரிசிப் பங்கீட்டுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஜப்பான் சார்ஜன்ட் ஒருவர், கட்டுப்போட்ட காலை நாற்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் குனிந்த குனிவில் சட்டைப்பையிலிருந்த பொடிடப்பா விழுந்தது.

"பெட்டியில் என்ன?" என்று மலாயில் கேட்டார்.

"பாட்டு, துவான். இந்தியப் பாட்டு. சாமிப் பாட்டு."

"வை."

போட்டுக் காட்டச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மூளை வேலை செய்தது. தாலாட்டு என்று ஒட்டியதை வைத்தால் வெறும் வயலின். வயலினுக்கு எந்த ஊர் என்று யார் கண்டார்கள்? தாலாட்டை எடுத்து வைத்து, சாவி கொடுத்து, ஊசியை இறக்கினேன்.

தடதடவென்று பாண்டு வாத்தியம் கிளம்பியது.

படுக்கைக்கடியிலிருந்து எழுந்து வந்து ஒட்டினேனே, அப்போது மாற்றி ஒட்டிவிட்டேன். நிறுத்தினால் சந்தேகம். நிறுத்தாவிட்டால் அந்த மெட்டு. தட்டு சுற்றச்சுற்ற ஊசி அதை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. சார்ஜன்ட் விரலால் தாளம் போட்டார். ஸ்பிரிங்கே, நான் மாட்டிய ஸ்பிரிங்தானே, இப்போது உடையேன் என்று வேண்டினேன். வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ரிப்பேர் அது ஒன்றுதான்.

வேகம் தணிந்தது. அகலமான மெட்டு அசைந்து வந்தது.

கிராணிமார் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

யாரும் சொல்லவில்லை. அவர்களே நினைத்துச் செய்ததுமில்லை. சின்ன வயதில் வருஷாவருஷம் வெயிலில் நிற்கவைத்துப் பழக்கிய கால்கள், மெட்டைக் கேட்டதும் தாமாக எழுந்துவிட்டன. கைகள் பக்கத்தில் விறைப்பாக. கடைசியில் நின்ற இளையவருக்கு உதடுகூட அசையத் தொடங்கியது. பெரியவர் அவர் காலை மிதித்தார்.

சார்ஜன்ட் மூன்று பேரையும் பார்த்தார். பிறகு என்னை.

"ஏன் எழுந்தார்கள்?"

நான் பேசினேன் என்பது உண்மை. எந்த உறுப்பால் பேசினேன் என்று தெரியாது. "துவான், இது மல்லாரி. சாமி ஊர்வலம் கிளம்பும்போது வாசிப்பது. சாமி வரும்போது எங்கள் ஆட்கள் உட்காரமாட்டார்கள்."

பெரிய கிராணி நெற்றிக்கு மேலே கையெடுத்துக் கும்பிட்டார். மற்ற இருவரும் கும்பிட்டார்கள். லாரியிலிருந்த மாணிக்கம் எட்டிக் குதித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அது கொஞ்சம் அதிகம் என்று எனக்கே பட்டது.

சார்ஜன்ட் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். புண்காலை ஊன்ற முடியாமல் முகம் சுளித்தது. தொப்பியைக் கழற்றினார். கிராமபோனுக்கு முன்னால் இடுப்பை வளைத்து, தட்டு முடியும்வரை அப்படியே நின்றார். மீசைக்காரர் எத்தனையோ சபையில் மரியாதை பெற்றிருப்பார். இப்படி ஒன்றை அவரும் கண்டிருக்கமாட்டார்.

அத்தோடு விட்டிருந்தால் நான் அப்போதே ஒரு வெற்றிவீரன். சார்ஜன்ட் உட்கார்ந்து, ஒரு சீட்டில் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினார்.

"நாளைக் காலை பெரிய அதிகாரி வருகிறார். எல்லோரும் தோக்கியோ திசையைப் பார்த்து வணங்குவோம். பிறகு நீ உன் சாமியை வைப்பாய். எல்லோரும் நிற்போம்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது பெரிய கிராணி என் காதோரம் குனிந்தார். "அண்ணை, உந்தப் பெரியவர் லண்டனில படிச்சவராம்."

தோட்டத்துக்கு மூன்று மைல். லாரி லோடு ஏற்றப் பீடோருக்குப் போய்விட்டது, நான் நடந்தேன். பால் சீவி வருஷமாகிவிட்ட ரப்பர் மரங்களில் சிரட்டைகள் இன்னும் கட்டியபடியே இருந்தன. உள்ளே மழைத்தண்ணீர், கொசு. மரங்களை வெட்டிய இடமெல்லாம் மரவள்ளி. லண்டனில் படிச்சவர், லண்டனில் படிச்சவர் என்று கால் ஒவ்வோர் அடிக்கும் சொல்லிக்கொண்டே வந்தது.

டிரசர் வாசலிலேயே நின்றார். மெலிந்துபோயிருந்தார். உள்ளே அவர் மனைவி ராசம்மாக்கா. யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரீகளிடம் வயலின் படித்தவர். அந்த வயலின் தந்தியறுந்து சுவரில் தொங்கியது. தரையில் ஒரு கொழுத்த பூனை.

"வாங்கோ தம்பி, இருங்கோ" என்றார் ராசம்மாக்கா. பிறகு பூனையைப் பார்த்து, "டொக்டர், வந்தவருக்குத் தேத்தண்ணி வைக்க அடுப்பு மூட்டச் சொல்லு உவரிட்ட."

"டொக்டர், அடுப்பு மூட்டியாச்சு எண்டு சொல்லு" என்றார் டிரசர்.

பூனை இருவரையும் நிதானமாகப் பார்த்தது. எட்டு மாதமாக அந்த வீட்டின் தபால் இலாகா அதுதான்.

ஊசி தேய்ந்துபோயிருந்தது. டிரசர் கொல்லையிலிருந்த எலுமிச்சையில் ஒரு முள் ஒடித்து வந்தார். அதை மாட்டி, 'மல்லாரி' என்று எழுதியிருந்த தட்டை வைத்தேன். ராசம்மாக்கா எழுத்தைப் படித்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். வயலின் தொடங்கியதும் பார்வையை எடுத்துவிட்டார். முள்ளில் சத்தம் மெல்லிசாக, பக்கத்து அறையில் யாரோ வாசிப்பது போல வந்தது. தட்டு நிற்கும்வரை அவர் இடதுகை விரல்கள் புடவை மடிப்பின்மேல் இல்லாத தந்தியை அழுத்திக்கொண்டிருந்தன.

"உந்தப் பாட்டு, அந்த வெள்ளைக்கார மனுசன் தன்னைக் கட்டப்போற பொம்பிளைக்கு எழுதிக் குடுத்தது, தம்பி" என்றார் பிறகு. "இன்னொண்டு எழுதினவர். தன்ர சிநேகிதர் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு துண்டு. அதில மெதுவா ஒண்டு வரும். கேட்டால் ஆரையும் கோவிக்க மனம் வராது."

"அது எங்கே, அக்கா?"

"டொக்டர், அது எங்கே எண்டு உவரிட்டக் கேள்."

டிரசர் பார்வை மூலைக்குப் போனது. மருந்து இடிக்கும் உலக்கை அங்கே சாய்ந்திருந்தது.

பேச்சை மாற்றுவதற்காக நான் பாலத்தடியில் நடந்ததைச் சொன்னேன். கிராணிமார் எழுந்ததைச் சொன்னபோது டிரசர் சிரித்துவிட்டார். நாளைக்கு லண்டனில் படித்தவர் வருகிறார் என்றதும் சிரிப்பு நின்றது.

ஒளிக்கலாமா என்று பார்த்தோம்; சீட்டில் என் பெயர் இருந்தது. சின்னப் பாட்டை வைக்கலாமா. சார்ஜன்ட் காதுக்கு வித்தியாசம் தெரியாதா? வழியில் தவறி உடைந்தது என்பதுதான் ஒரே வழி. அப்படியானால் உடையவேண்டும்.

அணிவகுப்புத் தட்டைக் கையில் எடுத்தேன். இருபது வருஷமாக ஓரத்தை மட்டும் பிடித்துத் தூசி ஊதிப் பழகிய கை, அதைப் பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டது.

"டொக்டர், நான் மாட்டன் எண்டு சொல்லு" என்றார் டிரசர். "ஒருக்கா உடைச்சுப் பட்டது போதும்."

ராசம்மாக்கா எழுந்து வந்து தட்டை எடுத்துக்கொண்டார். படியோரத்தில் ஒரு தட்டுத் தட்டினார், உடையவில்லை. கை நடுங்கியது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் ஓங்கினார். முறுக்கு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்படியே படியில் உட்கார்ந்து துண்டுகளை மடியில் சேர்த்துக்கொண்டார்.

"முப்பத்தாறு தட்டு" என்றார். "முப்பத்தாறையும் ஒராளா நிண்டு உடைச்சனீங்கள். உங்கட கை நடுங்கேல்லையோ?"

பூனை தலையைத் தூக்கியது.

"டொக்டர்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த டிரசர் நிறுத்திக்கொண்டார். "நடுங்கினது, ராசம். ஒவ்வொண்டுக்கும் நடுங்கினது. தட்டுக்காக உம்மைக் கொண்டுபோயிடுவாங்கள் எண்டு பயந்தனான்."

எனக்கு அந்த இடத்தில் வேலையில்லை என்று பட்டது. பூனைக்கும் அப்படியே பட்டிருக்கவேண்டும். இரண்டு பேரும் கொல்லைப்பக்கம் போய் எலுமிச்சை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் காலை, உடைந்த துண்டுகளை வெள்ளைத்துணியில் முடிந்துகொண்டு பாலத்தடிக்குப் புறப்பட்டேன். சார்ஜன்ட் காலுக்குக் கட்டுமாற்றுகிறவர் டிரசர்தான் என்பதால் அவரும் வந்தார். உடைத்தவள் நான், சாட்சி சொல்லவேண்டிவந்தால் நானே சொல்லுகிறேன் என்று ராசம்மாக்காவும் வந்தார்.

டிரசர் குனிந்து புண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, நான் துணியை விரித்துக் காட்டினேன். மாட்டுவண்டி குலுங்கியது என்றேன். வந்தது நடந்து. பொய்யில் மாடு ஒன்று கிடைத்தது. சார்ஜன்ட் ஒரு துண்டை எடுத்து வெயிலில் திருப்பினார்.

"வேறு இல்லையா?"

"இல்லை, துவான். எங்கள் வழக்கத்தில் உடைந்த சாமியை வைத்திருக்கக்கூடாது. ஆற்றில் விடவேண்டும்."

அவர் ஒரு சிப்பாயைக் கூப்பிட்டார். சிப்பாய் துப்பாக்கியோடு முன்னால் நடக்க, நான் துணிமுடிச்சோடு பின்னால் நடந்தேன். பாலத்திலிருந்து துண்டுகளைப் போட்டேன். சிப்பாய் தண்ணீரைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்தான். நானும் வைத்தேன். என்னுடையது பொய்யில்லை.

திரும்பி வந்தபோது பெரிய கிராணி பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னார்: "பெரியவர் வரேல்லையாம். தாப்பாவில கார் படுத்திட்டுதாம். அப்படியே திரும்பிட்டார்."

ஒரு நாள் பொறுத்திருந்தால் மெட்டு பிழைத்திருக்கும். ராசம்மாக்கா முகத்தை நான் பார்க்கவில்லை; பார்க்கத் தைரியமில்லை. அவர் ஒன்றும் பேசாமல் தோட்டத்துச் சாலைப்பக்கம் திரும்பி நடந்தார். டிரசர் மருந்துப்பையோடு பின்னால் ஓடினார். போச்சு, இன்னொரு எட்டு மாதம் என்று நினைத்தேன். அடுத்த முறை பூனைக்குச் சம்பளம் கேட்கும்.

மாணிக்கத்தின் லாரி புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தபோது சாலையில் சத்தம் கேட்டது. ராசம்மாக்கா நடுச்சாலையில் நின்றுவிட்டிருந்தார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். உங்கட பயமும் நீங்களும் என்றார். கார் ஓடுதோ இல்லையோ எண்டு ஒருவார்த்தை விசாரிக்கத் தெரியாதோ என்றார். உலக்கை, முப்பத்தாறு தட்டு, சிநேகிதர் பாட்டு, கலியாணத்தண்டு நடந்தது, அதற்கு முந்தி நடந்தது எல்லாம் வந்தன. டிரசர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார். முந்தின நாள் ராசம்மாக்கா அந்தச் சின்ன வயலினைக் கேட்டாரே, அதே முகம்.

மாணிக்கம் கண்ணாடியில் பார்த்தான். "என்னண்ணே, சண்டை இன்னும் முடியலியா?"

"முடிஞ்சிருச்சு மாணிக்கம்" என்றேன். "அதான் சத்தம் கேக்குது."